குமரிமுனை முதல் கொல்லம் வரை: கடலோரப் பேராலயங்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

கன்னியாகுமரியில் ரயிலேறினால் கொல்லம் சுமார் 150 கிலோமீட்டர். இந்தத் தூரம் முழுக்கக் கடற்கரையில் ஒரு கிறிஸ்தவக் கோவிலின் மணியோசை ஓயுமிடத்தில் அடுத்த கோவில் வந்துவிடும். முதல்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் கோபுர உயரத்தைப் பார்த்து ஊர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு நாளில் பதினைந்து கோவில், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு படம். ஊர் திரும்பியபின் எது முட்டம், எது குளச்சல் என்பதே குழம்பிப்போகும்.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஆயர் (பிஷப்) இருக்கைகளின் வரிசையைப் பிடித்துக்கொண்டு போங்கள். மூன்று நாள் போதும். இந்தக் கரை எப்படி ஒன்றாக இருந்து எப்படிப் பிரிந்தது என்பது கண்ணெதிரே விளங்கும். அழகும் தானாக வந்து சேரும்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

தமிழில் பேராலயம் என்று இரண்டு வேறு வேறு விஷயங்களைச் சொல்கிறோம். ஒன்று கதீட்ரல். மறைமாவட்டத்தின், அதாவது ஓர் ஆயரின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதியின், ஆயர் அமரும் இருக்கை எந்தக் கோவிலில் இருக்கிறதோ அதுதான் கதீட்ரல். கட்டடம் சின்னதாக இருக்கலாம், நேற்றுக் கட்டியதாகவும் இருக்கலாம். மற்றொன்று பசிலிக்கா. அது திருத்தந்தை (போப்) ஒரு கோவிலுக்குத் தரும் சிறப்புப் பட்டம். வேளாங்கண்ணி பசிலிக்கா, ஆனால் கதீட்ரல் அல்ல. அந்த மறைமாவட்டத்தின் ஆயர் இருக்கை தஞ்சாவூரில் இருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் வந்தால், கன்னியாகுமரிக் கடற்கரையில் விண்ணைத் தொட நிற்கும் மாதா கோவிலைக் கதீட்ரல் என்று எண்ணிவிட்டு, உண்மையான கதீட்ரல் இருக்கும் நாகர்கோவிலின் கோட்டாற்றைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

வரிசை இதுதான். 1329இல் திருத்தந்தை 22ஆம் யோவான் கொல்லத்தை மறைமாவட்டமாக்கினார். இந்தியாவின் முதல் கத்தோலிக்க மறைமாவட்டம் அது. இடையில் நூற்றாண்டுகள் அற்றுக்கிடந்து 1886இல் மீண்டும் உயிர்பெற்றது. அதன் தென்கோடித் தமிழ்ப் பகுதியைப் பிரித்து 1930இல் கோட்டாறு, பிறகு 1937இல் திருவனந்தபுரம். கோட்டாற்றிலிருந்து 2014இல் குழித்துறை. நாம் இன்று தாண்டும் தமிழ்நாடு, கேரள எல்லை 1956 நவம்பர் 1இல் வந்தது. அதற்கு முன் இது ஏறக்குறைய முழுவதும் திருவிதாங்கூர். ஆகவே கோட்டாற்றுக்காரர்களுக்குக் கொல்லம் அயலூர் அல்ல, தாய்வீடு.

கேரளப் பக்கம் போனதும் இன்னொரு சொல் காலை வாரும். மலையாளத்தில் பள்ளி என்றால் கிறிஸ்தவக் கோவில். பள்ளிவாசலுக்கும் அதே சொல்தான். திருவனந்தபுரத்தில் ஆட்டோக்காரரிடம் "பாளையம் பள்ளி" என்றால் ஜும்மா பள்ளிவாசல் வாசலில் இறக்கிவிடலாம். நல்லவேளையாக இரண்டும் எதிரெதிரே. "கத்தீட்ரல்" என்றே கேளுங்கள். திருவிழாவை அங்கே பெருநாள் அல்லது திருநாள் என்பார்கள். நேர்ச்சை (வேண்டுதல் காணிக்கை) இரு பக்கமும் ஒன்றுதான்.

எப்போது போவது

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிவரை மிக நல்ல காலம். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடல் சீறும். கரையோரச் சாலைகள் அரிப்பில் அறுந்துபோவது அந்த மாதங்களில்தான். அக்டோபர், நவம்பரில் மறுபடி மழை.

திருவிழாவைப் பார்க்க வேண்டுமென்றால் கோட்டாறு சவேரியார் திருவிழா. பத்து நாள், டிசம்பர் 3இல் முடியும். அன்று மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். கடைசி மூன்று நாட்கள் தேர். தேருக்குப் பின்னால் மக்கள் தரையில் உருண்டும் விழுந்து வணங்கியும் கும்பிடு நமஸ்காரம் செய்வார்கள். அந்தப் பாதையில் குறுக்கே நடக்காதீர்கள், அவர்கள் முகத்துக்கு நேரே செல்பேசியை நீட்டாதீர்கள். ஆனால் ஒன்று: திருவிழா பார்க்க வருவது வேறு, கட்டடம் பார்க்க வருவது வேறு. தோரணமும் பந்தலும் சீரியல் விளக்கும் முகப்பை மூடிவிடும். கட்டடம்தான் குறி என்றால் டிசம்பர் 10க்கு மேல் வாருங்கள்.

கிழமையும் முக்கியம். கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஊரே கோவிலில் இருக்கும். காலையில் அடுத்தடுத்துத் திருப்பலி, பிறகு மறைக்கல்வி வகுப்பு. வழிபட வருகிறவருக்கு அது நல்ல நாள், சுற்றிப்பார்க்க வருகிறவருக்கு அல்ல. திங்கட்கிழமையும் சனிக்கிழமையும் திருமணங்கள் இருக்கும். அதனால் செவ்வாய் முதல் வியாழன் வரையிலான மூன்று நாட்களைப் பிடியுங்கள். நேரம்: காலைப் பூசை முடிந்தபின் 8 முதல் 11 வரை, பிற்பகல் 3.30 முதல் 5.30 வரை. நடுப்பகலில் பல கோவில்களில் பிரதான கதவைச் சாத்திவிடுவார்கள். சாத்தியிருந்தால் பக்கவாசலைப் பாருங்கள், அதுவும் இல்லையென்றால் பங்கு அலுவலகத்தில் கேளுங்கள். கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளை அருகில்தான் இருப்பார். மரியாதையாகக் கேட்டால் மறுப்பவர் குறைவு.

உள்ளே நுழையும்போது

செருப்பை எங்கே விடுவது என்று யாரையும் கேட்க வேண்டாம், வாசற்படியைப் பாருங்கள். குமரி மாவட்டத்தில் வெளியே விடுவதே வழக்கம். தோளும் முழங்காலும் மூடிய உடை. பெண்கள் பலர் முந்தானையையோ துப்பட்டாவையோ தலையில் போட்டிருப்பார்கள். மற்ற மதத்தவரை யாரும் வற்புறுத்துவதில்லை, போட்டுக்கொண்டால் மகிழ்வார்கள்.

திருப்பலி நடந்துகொண்டிருந்தால் கடைசி வரிசையில் உட்காருங்கள். நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) வாங்கும் வரிசை கத்தோலிக்கருக்கு மட்டும். மற்றவர்கள் எழுந்து போகாமல் இருக்கையிலேயே இருந்தால் போதும். பீடப் படிகளில் ஏறக்கூடாது. ஆயர் இருக்கையில் உட்கார்ந்து படம் எடுப்பது பெரிய அவமதிப்பு. மெழுகுவர்த்தியை அதற்கென வைத்த தட்டில் மட்டும் ஏற்றுங்கள். குருசடியிலும் (சிலுவை நிறுவிய சிற்றாலயம்) கெபியிலும் (குகை வடிவச் சிற்றாலயம்) உப்பும் நல்லமிளகும் குவிந்திருந்தால் அவை நேர்ச்சை, மிதிக்காதீர்கள்.

கையில் வேண்டியவை: சின்ன டார்ச், பழைய கல்வெட்டு படிக்க உதவும், பத்து, இருபது ரூபாய்த் தாள்கள், காணிக்கைக்கும் டவுன் பஸ்ஸுக்கும், ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை, மூன்றாம் நாள் தும்பா விண்வெளி அருங்காட்சியகத்துக்கு, தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர்.

ஒரு பேராலயத்தைப் பார்க்கும் முறை

நேரே பீடத்துக்கு ஓடாதீர்கள். வெளியே கொடிமரத்தடியில் நின்று முகப்பை முதலில் பாருங்கள். பிறகு கோவிலைச் சுற்றி ஒரு முறை நடங்கள். சுவரின் தடிமனும் சன்னல் வளைவும் மாறும் இடம்தான் பழைய கட்டடம் முடிந்து விரிவாக்கம் தொடங்கும் இடம். இந்தக் கரையில் ஒரே காலத்தில் கட்டி முடித்த கோவில் குறைவு. மக்கள் பெருகப் பெருகச் சுவரை இடித்து நீட்டியிருக்கிறார்கள். முகப்பு ஒரு நூற்றாண்டு, நடுக்கூடம் ஒரு நூற்றாண்டு, பீடம் ஒரு நூற்றாண்டு என்று இருக்கும். "இது எந்த ஆண்டுக் கோவில்" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடைக்காமல் போவதும் அதனால்தான்.

உள்ளே வந்ததும் ஆயர் இருக்கையைத் தேடுங்கள். பீடத்துக்குப் பின்னாலோ ஓரத்திலோ, மற்ற நாற்காலிகளைவிட உயரமாக, பெரும்பாலும் ஆயரின் இலச்சினையோடு இருக்கும். அடுத்து தரையைப் பாருங்கள். குருக்களும் ஆயர்களும் அடக்கமான கற்கள் அங்கே கிடக்கும்.

கல்லில் ஆண்டு படிக்கையில் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். திருவிதாங்கூரில் கொல்லம் ஆண்டு வழங்கியது. கல்லில் 1075 என்றிருந்தால் பதினோராம் நூற்றாண்டு என்று வியக்காதீர்கள். ஆவணி முதல் டிசம்பர்வரை என்றால் 824ஐயும், ஜனவரி முதல் ஆடிவரை என்றால் 825ஐயும் கூட்டுங்கள். 1075 என்பது 1899 அல்லது 1900.

முதல் நாள்: கன்னியாகுமரி, கோட்டாறு, காற்றாடிமலை

சூரிய உதயக் கூட்டம் கலைந்ததும், ஏழரை மணி வாக்கில், மீனவர் தெரு வழியாக அலங்கார உபகார மாதா கோவிலுக்கு நடந்து போங்கள். காலை வெயில் வெள்ளைச் சுவரில் விழும் நேரம் அது. 1900இல் கட்டத் தொடங்கிய கோத்திக் பாணிக் கோவில். நடுக்கோபுரம் 153 அடி. ஜெபமாலையின் 153 மணிகளை நினைத்து வைத்த அளவு. இது ஆயர் இருக்கை அல்ல என்று முன்பே சொன்னோம். ஆனாலும் கடலிலிருந்து திரும்பும் வள்ளத்துக்குக் கரையைக் காட்டும் கோபுரம் எப்படி இருக்கும் என்று இங்கே பார்த்துக்கொண்டால், மேற்கே வரப்போகிற ஊர்களின் கோபுரங்கள் ஏன் ஊருக்குப் பொருந்தாத உயரத்தில் நிற்கின்றன என்பது புரியும்.

அங்கிருந்து நாகர்கோவில் 20 கிலோமீட்டர். பேருந்தைவிட ரயில் வசதி, ஏனென்றால் நாகர்கோவில் சந்திப்பு நிலையம் இருப்பதே கோட்டாற்றில். பேருந்தில் வந்தால் வடசேரி நிலையத்துக்கும் மீனாட்சிபுரம் அண்ணா நிலையத்துக்கும் குழம்பாதீர்கள். திருவனந்தபுரம் போகும் வண்டிகள் வடசேரியில், கரையோர ஊர்களுக்கான டவுன் பஸ்கள் அண்ணா நிலையத்தில்.

புனித சவேரியார் பேராலயம்தான் இந்தப் பயணத்தின் நடுநாயகம். இங்கே ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். பிரான்சிஸ் சவேரியார் 1544இல் இந்தக் கரை நெடுக நடந்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாக 1545 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். வடுகர் படையெடுப்பைத் தடுத்ததற்கு நன்றியாக வேணாட்டு மன்னர் கோவில் கட்ட இடம் தந்தார் என்பது ஊர் வழக்கு. 1600களின் தொடக்கத்தில் எழுந்த கோவில் பலமுறை விரிந்து, 1930இல் பேராலயமானது.

உயரம் தேடி வருகிறவர்கள் இங்கே ஏமாறுவார்கள். கோட்டாறு கோவில் அண்ணாந்து பார்க்கும் கோவில் அல்ல. உள்ளே புனித தேவசகாயத்தின் கல்லறை இருக்கிறது. அதன் அருகில் நிற்பதற்காகவே வாருங்கள். 1712இல் நட்டாலத்தில் பிறந்தவர், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு, 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடலை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தியாவில் குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினருள் முதல்வர். கல்லறையைச் சுற்றி எந்நேரமும் யாராவது முழந்தாளிட்டிருப்பார்கள். இடித்துக்கொண்டு முன்னால் போகாமல் அவர்கள் எழும்வரை காத்திருங்கள்.

மாலை நான்கு மணிக்குமேல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலை. சின்னப் பாறைக்குன்றுதான், ஆனால் நடுப்பகலில் பாறை சுடும். கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும், தொப்பி நிற்காது. சுற்றிலும் காற்றாலைகள் நிற்பதும் அந்தக் காற்றுக்காகத்தான். மணியடிச்சான் பாறையைச் சிறு கல்லால் மெல்லத் தட்டிப் பாருங்கள், மணியோசை கேட்கும்.

நேரம் மிஞ்சினால் நாகர்கோவிலில் 1819இல் தொடங்கிய கருங்கல் கோவிலையும் பாருங்கள். லண்டன் மிஷன் சபையின் சார்லஸ் மீட் எழுப்பியது. சீர்திருத்த சபைக் கோவிலுக்கும் கத்தோலிக்கக் கோவிலுக்கும் உள்ளமைப்பு எப்படி வேறுபடும் என்பது ஒரே நாளில் இரண்டையும் பார்த்தால் நன்றாக விளங்கும். ஒன்றில் கண் சொரூபங்களுக்கும் நற்கருணைப் பேழைக்கும் போகும், மற்றதில் பிரசங்க பீடத்துக்கு.

இரண்டாம் நாள்: உதயகிரி, கரையோரம், எல்லை

காலையில் திருவனந்தபுரம் சாலையில் புலியூர்க்குறிச்சி. உதயகிரிக் கோட்டைக்குள் கூரையில்லாத பழைய சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை. 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி, பிறகு மார்த்தாண்டவர்மாவின் படைத்தலைவரானார், 1777இல் இறந்தார். தேவசகாயத்துக்குக் கிறிஸ்தவத்தை அறிமுகம் செய்தவர் இவர். அதனால் கோட்டாற்றுக்கு அடுத்து இங்கே வருவதுதான் முறை. கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். பக்கத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

பிறகு இரண்டு வழி. நெடுஞ்சாலையில் நேரே போனால் குழித்துறை மறைமாவட்டத்தின் மூவொரு இறைவன் பேராலயம், திரித்துவபுரத்தில். வரிசையில் கடைக்குட்டி. ஒரு கால்மணி நேரம் போதும்.

கரையோரம் போவதே அழகு. முட்டம் சகல புனிதர்கள் ஆலயம், கடியபட்டணம் பேதுரு பவுல் ஆலயம், குளச்சல் காணிக்கை மாதா ஆலயம், அப்படியே தேங்காய்ப்பட்டணம் பாலம் தாண்டி இரையுமன்துறை, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி. நீரோடியோடு தமிழ்நாடு முடிகிறது, அடுத்தது பொழியூர். ஊர்ப்பெயர்ப் பலகையில் எழுத்து மாறுமே தவிர வலை உலர்த்தும் கரையும் கோவில் மணியும் மாறுவதில்லை. எல்லாவற்றிலும் இறங்க வேண்டாம். முட்டமும் குளச்சலும் எல்லைப்பக்கம் ஏதாவது ஒன்றும் போதும்.

2004 ஆழிப்பேரலையில் குளச்சலும் மணக்குடியும் பெரும் உயிர்ச்சேதம் கண்ட ஊர்கள். 2017 ஒக்கிப் புயலில் தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்திலிருந்து ஆழ்கடல் போனவர்கள் பலர் திரும்பவில்லை. கோவில் வளாகங்களில் பெயர்ப் பலகைகளையும் நினைவிடங்களையும் காண்பீர்கள். அவற்றின் முன் நின்று செல்ஃபி வேண்டாம். டிசம்பர் 26 காலையில் இந்த ஊர்களுக்குச் சுற்றுலாவாகப் போகாதீர்கள்.

கரைச்சாலையில் தவறு நேர்வது எங்கே என்றால், இரையுமன்துறை முதல் நீரோடிவரை. அரிப்பில் சாலை துண்டாகிக் கிடந்தாலும் வரைபடச் செயலி வழி காட்டிக்கொண்டே இருக்கும். காரில் போகிறவர்கள் தேங்காய்ப்பட்டணத்திலேயே நிறுத்தி ஊராரிடம் கேளுங்கள். மோசமென்றால் நித்திரவிளை, கொல்லங்கோடு, ஊரம்பு வழியாகப் பூவார் போய்ச் சேரலாம். இருட்டுவதற்குள் திருவனந்தபுரம் அடைவது நல்லது.

மூன்றாம் நாள்: பாளையம், வெட்டுகாடு, தும்பா, கொல்லம்

திருவனந்தபுரம் ரயில் நிலையம் இருக்கும் தம்பானூரிலிருந்து பாளையம் இரண்டு கிலோமீட்டருக்குள். புனித சூசையப்பர் பேராலயம் 1873இல் தொடங்கியது. பின்னர் நீட்டி, மணிக்கோபுரமும் எழுப்பினார்கள். முகப்பை முழுதாகப் பார்க்க எதிர்ச்சாரிக்குப் போங்கள். அங்கே பள்ளிவாசல், அதையொட்டிக் கணபதி கோவில். பாங்கும் மணியும் அடுத்தடுத்து ஒலிக்கும் அந்த முச்சந்தியில் ஐந்து நிமிடம் சும்மா நிற்கலாம். காலை எட்டரைக்குமேல் போக்குவரத்து நெரிசல். அதற்கு முன் வாருங்கள்.

வெட்டுகாடு கிறிஸ்து அரசர் கோவில் சங்குமுகத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி. நவம்பர் திருநாளின்போது அந்தப் பக்கமே நகர முடியாது, மற்ற நாட்களில் எளிது.

தும்பாவை விட்டுவிடாதீர்கள். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் அருங்காட்சியகம் இருப்பது ஒரு பழைய கோவிலுக்குள், புனித மகதலா மரியாள் ஆலயம். பூமியின் காந்த நடுக்கோடு இவ்வழியே போவதால் ராக்கெட் ஏவ இந்த இடம் தேவைப்பட்டது. திருவனந்தபுரம் மறைமாவட்டத்து ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா மக்களிடம் எடுத்துச்சொல்லிக் கோவிலையும் ஆயர் இல்லத்தையும் கொடுத்தார். 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட் இங்கிருந்து பறந்தது. ஆயர் என்பவர் இருக்கையில் அமர்பவர் மட்டுமல்ல, ஒரு கரைமக்கள் சார்பாகப் பேசுகிறவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அடையாள அட்டை இல்லாமல் வாசலிலேயே திரும்ப நேரும். விடுமுறை நாட்களை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மதியம் ரயிலில் கொல்லம், 65 கிலோமீட்டர். நிலையத்திலிருந்து தங்கச்சேரிக்கு ஆட்டோவோ பேருந்தோ. குழந்தை இயேசு பேராலயத்தின் தொடக்கம் 1614, போர்த்துக்கீசியர் காலம். ஆனால் அந்தப் பழைய கட்டடம் இப்போது இல்லை. நிற்பது 2000களில் கட்டி முடித்த புதுக் கோவில். நானூறு ஆண்டுச் சுவரைத் தடவிப் பார்க்கலாம் என்று வருகிறவர்களுக்கு முகம் வாடிவிடும். முன்கூட்டியே தெரிந்துகொண்டு, பார்க்க வேண்டியதைப் பாருங்கள்: அந்த இருக்கையை. 1329இன் முதல் ஆயர் ஜோர்தான் கத்தலானியின் வரிசையில் வந்தது அது. கோட்டாறும் பாளையமும் இங்கிருந்து கிளைத்தவை. பழைய கல் வேண்டுமென்றால் வெளியே, சிறிது தூரத்தில் போர்த்துக்கீசியக் கோட்டையின் இடிந்த சுவர் நிற்கிறது. அருகில் 1902இல் கட்டிய, 41 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம். ஏற விட்டால் ஏறுங்கள். வந்த கரை தெற்கே நீண்டு போவது தெரியும்.

கொச்சியை இதோடு சேர்த்துத் திணிக்க வேண்டாம். அங்குள்ள சாந்தா குரூஸ் பேராலயத்துக்கே தனியாக அரை நாள் வேண்டும். 1795இல் ஆங்கிலேயர் இடித்த பழைய கோவிலின் கருங்கல் தூண் ஒன்று வளாகத்தில் இன்னும் நிற்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1905இல் அர்ச்சிக்கப்பட்டது, அதாவது வழிபாட்டுக்குப் புனிதப்படுத்தப்பட்டது. உள்ளே பீடத்தருகே இருக்கும் ஓவியங்கள் இத்தாலியச் சகோதரர் அந்தோனியோ மொஸ்கேனி தீட்டியவை. அர்ச்சிப்புக்குச் சில நாட்களுக்கு முன் அவர் கொச்சியிலேயே இறந்துபோனார். கொல்லத்தில் இரவு தங்கி, மறுநாள் காலை ரயிலில் எறணாகுளம் போய், நிதானமாகப் பாருங்கள்.